தம்ளர் அண்ணாச்சியும் ஏழாம் துளையும்

1. கடலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன் அடியில் கிடந்த மணலையே குழாய் வழியாக உறிஞ்சிக் கொட்டி, புதிதாக ஒரு நிலம் உண்டாக்கினார்கள்.

2. அந்த நிலத்தில் சின்னதாக ஒரு சரக்குத் துறைமுகமும், கப்பலில் வருகிற உரத்தை ஏற்றிப்போக ஆறு தண்டவாளங்கள் கொண்ட ஒரு ரயில் யார்டும் கட்ட முடிவு செய்தார்கள்.

3. பூமி குலுங்கினால் அந்த மணல் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும்படி, பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனை நிறுவனத்தைக் கேட்டார்கள்.

4. நாங்கள் தம்ளர் அண்ணாச்சியை அனுப்பிவைத்தோம்.

5. அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டார்.

6. முதலாளியின் கண்ணெதிரில் ஒரு துண்டுத் தண்டவாளம் பிளாஸ்டிக் வாளிக்குள் முழுகிப்போனது.

எந்தக் கடற்கரை, எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் என்று ஏழாவதாக ஒரு வரி சேர்ந்துவிடும். நாலாவது வரியில் வருகிற மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்குகிற இடம் தொடங்கி கடலில் கலக்கிற இடம் வரைக்கும், தம்ளர் அண்ணாச்சி நம்பிய நிலம் ஒரு சதுர அடிகூடக் கிடையாது. வயலை நம்பமாட்டார், அது ஈரம். தார்ச்சாலையை நம்பமாட்டார், அடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாது. கோயிலில்கூடப் பழைய கல் பாவிய இடமாகத் தேடிப் பார்த்துத்தான் விழுந்து கும்பிடுவார். ஆதார் அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை. காட்டச் சொன்னால் எதற்கு என்று கேட்பார்.

எங்கள் நிறுவனத்தில் அவர் துளை போடும் குழுவின் மேஸ்திரி. முக்காலி நட்டு, பூமிக்குள் துளையிட்டு, அடியில் இருக்கும் மண் எப்படி என்று அறிந்து எழுதுகிற வேலை. முப்பது வருஷம் இதையே செய்தால் ஒரு மனிதனுக்கு நிலத்தின் மேல் நம்பிக்கை வரும் என்று நாம் நினைப்போம். அவருக்கு இருந்ததும் போய்விட்டது.

அவருடைய பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தம்ளர் இருக்கும். எங்கே போனாலும் உட்காருவதற்கு முன்னால் அதைத் தரையில் வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, குனிந்து ஒரு நிமிஷம் பார்ப்பார். தண்ணீர் அசையாமல் நின்றால் உட்காருவார். அசைந்தால் அடுத்த இடம். ஓட்டலில் அவர் நாலு மேஜை மாறியதை நானே பார்த்திருக்கிறேன். ஐந்தாவது மேஜையில் தண்ணீர் நின்றது. அதற்குள் இட்லி தீர்ந்துவிட்டது.

ஒருமுறை திருச்செந்தூர் ரயிலில் அவரோடு போனேன். தம்ளரை ஜன்னல் ஓரமாக வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தார். ஆழ்வார்திருநகரியில் ஏறிய ஒரு குடும்பம், விரதம் இருந்து கோயிலுக்குப் போகிறவர்கள், எதிரே உட்கார்ந்தது. அந்த வீட்டம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முருகனுக்காய்யா?" என்று பக்தியாகக் கேட்டார். அண்ணாச்சி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசாதீய, ஆடிரும்" என்றார். அவ்வளவுதான். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். திருச்செந்தூரில் இறங்குகிற நேரத்தில் எட்டுப் பேர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு தீர்த்தத்துக்கு நின்றார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு கையையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு சொட்டு விட்டார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போனவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்னால், பெண்ணைப் பெற்றவர் மணவறையில் தம்ளரை வைத்துவிட்டுக் குனிந்திருக்கிறார். தண்ணீர் நின்றிருக்கிறது. அவருக்குத் திருப்தி இல்லை.

"மாப்பிள்ள, கொஞ்சம் எந்திரிங்க. பைய ஒரு குதி குதிங்க."

"எதுக்கு மாமா?"

"குதிங்க, சொல்லுதேன்."

பட்டுவேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை குதித்தார். தண்ணீர் சிந்தியது. "பாத்தியளா? குளம். குளத்த மூடிக் கட்டியிருக்கானுவ" என்று அண்ணாச்சி சபைக்கு அறிவித்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "சம்பந்தி, நீங்க மண்டபத்தச் சோதிக்கியளா, எம்புள்ளையச் சோதிக்கியளா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தாலி கட்டியது வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில். அங்கேதான் அடியில் பாறை இருந்ததாம். அந்தப் பையனுக்குக் குதி மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணாச்சியின் வீடு ஒரு பொத்தையின் மேலே இருக்கிறது. பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் மொட்டைப் பாறைக்குன்று. ஊரே கீழே தெருவில் இருக்க, இவர் மட்டும் மேலே. "பூமி ஆடினா நாம தப்பிச்சிருவோம்னு கொண்டாந்து வச்சிருக்காவ" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "தண்ணி லாரி ஏறாது. நாலு குடம் தூக்கிட்டு ஏறதுக்குள்ள எனக்கு முட்டி ஆடுது. அதுக்கு எந்தத் தம்ளர வைக்க?"

என்னை முதல்நாள் பார்த்தபோது அவர் கேட்டது என் படிப்பையல்ல.

"எந்த ஊரும்மா?"

"சீவலப்பேரி, அண்ணாச்சி."

"ஆத்தங்கரையா." முகம் சுருங்கியது. "வண்டல்."

அவருக்கு மனிதர்களும் மண்தான். கரிசல்காட்டு ஆள் மழையில் வீங்குவான், வெயிலில் வெடிப்பான். தேரிக்காட்டுச் செம்மணல் ஆள் காற்றடித்தால் இடம் மாறுவான். வண்டல் ஆளைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பாக்க மெத்துனு இருக்கும். கால வச்சா உள்ள இழுத்துரும்." நான் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு மண்ணியலில் மேல்படிப்பும் முடித்தவள். என் சொந்த மண்ணைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எதற்கும் உதவும் என்று.

இனித் துறைமுகம்.

அந்த வேலையின் அடிப்படை ஒரு சின்னச் சோதனை. அறுபத்து மூன்றரை கிலோ இரும்புக் குண்டை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குள் இருக்கும் ஒரு குழாயை அடித்து இறக்க வேண்டும். குழாயில் சாக்பீஸால் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு கோடு இறங்கவும் எத்தனை அடி ஆனது என்று எண்ண வேண்டும். முதல் எண்ணை விட்டுவிட்டு, பின்னிரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த ஆழத்து மண்ணின் மதிப்பெண். நிறைய அடி வாங்கினால் இறுகிய மண். நம் கணக்கில் பத்துக்குக் கீழே போனால் தளர்ந்த மணல்.

தளர்ந்த மணலில் தண்ணீரும் நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. நடக்கலாம், லாரி ஓட்டலாம். பூமி சில நொடிகள் குலுங்கினால் மட்டும், மணல் துகள்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். நிலம் கஞ்சியாகிவிடும். அதன் மேல் நிற்கிற தண்டவாளம் வளையும், கப்பல் அணையும் சுவர் கடல் பக்கமாகச் சாயும், உரமூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிற ஆட்கள் எங்கே ஓடுவதென்று தெரியாமல் நிற்பார்கள். தாங்கும் என்று எழுதுகிற அறிக்கையில் கீழே கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

"நம்ம பக்கம் என்னைக்குவே பூமி ஆடிச்சு?" என்று முதலாளி ஒருநாள் அண்ணாச்சியைக் கேட்டார்.

"ஆடுத வரைக்கும் ஆடாதுதான்" என்றார் அண்ணாச்சி.

மொத்தம் பதினான்கு துளைகள். தினமும் மாலையில் அண்ணாச்சியின் ஷீட்டுகள் என் மேஜைக்கு வரும். அவற்றைப் படிப்பது ஒரு தனி வேலை. நான் அவருடைய எண்களை ரப்பர் வைத்து அழித்துவிடுவேன் என்பது அவர் சந்தேகம். அதனால் ஒவ்வொரு எண்ணின் மேலும் செல்லோடேப் ஒட்டியிருப்பார். குறிப்பு எழுதும் கட்டத்தில் அநேகமாக எல்லாத் துளைக்கும் ஒரே வாசகம்: "நம்பக்கூடாது."

நான் நம்பவில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக.

மணல் மாதிரிகள் பாலிதீன் பையில் ஆய்வகத்துக்கு வந்தன. விரலிடுக்கில் எடுத்தால் சர்க்கரைபோல உதிர்ந்தது. இந்த மணல் ஆறோ ஏழோதான் வாங்கும் என்று கை சொன்னது. ஷீட் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்றது. ஒன்றைத் தவிர எந்தத் துளையிலும் பத்துக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி பாஸான வகுப்பைப் பார்த்தால் வாத்தியாருக்கு என்ன தோன்றுமோ அது எனக்குத் தோன்றியது.

ஏழாம் துளை மட்டும் தனி. ஆறு, ஏழு, ஆறு. அதன் குறிப்புக் கட்டத்தில் அண்ணாச்சி எழுதியிருந்தார்: "உண்மை போலத் தெரிகிறது. அதனால் சந்தேகம்."

நான் ஒரு பட்டியல் போட்டேன். அவரை யாரோ சரிக்கட்டியிருக்கலாம். அல்லது நிழலில் உட்கார்ந்து மனதுக்குத் தோன்றிய எண்ணை எழுதியிருக்கலாம். மத்தியானம் துறைமுகத்துக்காரர்களின் மேலாளரோடு அவர் தனியாக நின்று பேசுகிறார் என்று ஜீப் டிரைவர் சொன்னதும் முதல் சந்தேகத்தின் கீழே இரண்டு கோடு போட்டேன். (என்ன பேசினார் என்று பிறகு தெரிந்தது. மேலாளரின் சொந்த ஊர் கோவில்பட்டி. கரிசல். அதைப் பற்றி அவருக்கே விளக்கியிருக்கிறார்.) அண்ணாச்சியிடம் நேரே கேட்டேன்.

"அண்ணாச்சி, ஏழு மட்டும் ஏன் குறையுது?"

"நீங்கதான் சொல்லணும். ஷீட்டு ராத்திரி முழுக்க உங்க மேசையிலதானே கிடக்கு."

"டேப் ஒட்டியிருக்கே."

"டேப்பு கடையில விக்குதும்மா."

என் பட்டியலில் ஒரே ஒருவர் பெயர் இல்லை. எண்ணுகிறவர். அவரை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான். மாடசாமி மாமா, எங்கள் ஊர், எங்கள் தெரு. களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். அறுவடை இயந்திரம் வந்து நெல் நேரே லாரிக்குப் போனதிலிருந்து சும்மா இருந்தார். "எண்ணிக்கையில ஒரு நாளும் தவற மாட்டாவ, அண்ணாச்சி" என்று சொல்லி நான்தான் கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, தம்ளரை வைக்காமல் ஒரு ஆளை ஏற்றுக்கொண்டார். மாமா ராகமாக எண்ணிக் காட்டிய குரலைக் கேட்டதும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். புதன்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வேலி ஓரமாக ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். அங்கே ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிக்கொண்டேன். குண்டு விழும்போதெல்லாம் 'ணங்' என்று கேட்கும். ஒரு ணங்குக்கு ஒரு கடலை.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, வாங்கின கடலையத் திங்காம பெஞ்சுல அடுக்கிக்கிட்டு இருக்க? வீட்டுல எதும் பிரச்சனையா?"

"இல்லக்கா. சோலியாத்தான்."

கடைசித் துளை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கயிறு பிடித்துக் குண்டைத் தூக்கி விட்டார்கள். மாடசாமி மாமா பக்கத்தில் நின்று ராகம் போட்டு எண்ணினார். அண்ணாச்சி பத்தடி தள்ளி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணலில் நட்ட தம்ளருக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். மடியில் ஷீட். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரில் வளையம் வருகிறதா என்று பார்ப்பார். எண்ணைக் காதால் வாங்கி எழுதுவார்.

"லாபம்" என்றார் மாடசாமி மாமா. எங்கள் களத்தில் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் மரக்கால் லாபம்தான். "ரெண்டு. மூணு."

இரண்டாம் சாக்பீஸ் கோடு இறங்கிவிட்டது. கயிறு பிடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெஞ்சில் அந்தக் கோட்டுக்கு மூன்று கடலை.

மாமாவின் குரல் நிற்கவில்லை. "சாமிக்கு நாலு. வாசலுக்கு அஞ்சு."

அண்ணாச்சி முதுகைத் திருப்பாமல் ஐந்து என்று எழுதினார்.

மூன்றாம் கோடு. மூன்று கடலை. "சாமிக்கு நாலு. வாசலுக்கு அஞ்சு." ஐந்தும் ஐந்தும் பத்து. பெஞ்சில் இருந்ததோ மூன்றும் மூன்றும் ஆறு.

நான் பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுப்புக் கூலி அளக்கும்போது கடைசியில் இரண்டு கை கூட விழும், ஒன்று சாமி பெயரில், ஒன்று வீட்டு வாசல் பெயரில். அந்த இரண்டு கைக்காகத்தான் ஊரே மாடசாமி அளக்கட்டும் என்று சொல்லும். அந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவள், பதினான்கு நாளாகச் செல்லோடேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். முன்னாளில் நிலம் இருந்த குடும்பம். அவர்கள் வீட்டுக்கு நெல் மூட்டையாகத்தான் வந்தது. யார் அளந்தார், என்ன சொல்லி அளந்தார் என்று யாரும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

ஏழாம் துளை நடந்த நாளில் ஊரில் கோயில் கொடை. மாடசாமி மாமா லீவு. அன்றைக்கு எண்ணியது அண்ணாச்சியே.

நான் கடலையை அப்படியே பெஞ்சில் விட்டுவிட்டு வேலியைச் சுற்றி உள்ளே போனேன்.

"மாமா, குண்டு மூணு தடவதான் விழுந்துச்சு. அஞ்சுன்னு சொல்லுதீயளே."

"ஆமா தாயி. மூணு அடிச்சது. ரெண்டு நாம போட்டது." ஒளிவு மறைவு இல்லாமல் சிரித்தார். "குறைச்சு அளந்தா குத்தம். கூட அளந்தா என்ன குத்தம்? சவம், இந்த மண்ணப் பாத்தாலே பாவமா இருக்கு. மூணும் நாலும்தான் தேறுது. நாலு பேரு பொழைக்கப்போற எடம், நாம கை குறுகலாமா?"

அண்ணாச்சி எழுந்தார். தம்ளரைப் பார்த்தார், மாடசாமி மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக யாரும் பார்க்காத ஒன்றை அப்போது நாங்கள் பார்த்தோம். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, சோதிக்காமல் கொள்ளாமல், அந்தக் கடல்மணலிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"வே மாடசாமி," என்றார், மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு. "எல்லாத் துளைக்குமா போட்டீரு?"

"ஓரவஞ்சன பண்ணுவனா, அண்ணாச்சி?"

வியாழக்கிழமை முதலாளியின் அறையில் நின்றேன். அவர் கெட்டவரல்ல, அவசரக்காரர். அவர் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க, தண்டவாளத்தைக் கொழுக்கட்டை கனத்துக்கு அறுத்த ஒரு துண்டு இருக்கும். அவருடைய முதல் ரயில்வே வேலையின் நினைவாக வைத்திருந்தது. தினமும் துணி வைத்துத் துடைப்பார்.

"பதினாலுல ஒண்ணு தப்பா இருக்கு, அத எடுத்துட்டு அனுப்புன்னு திங்கக்கிழமையே சொன்னேம்மா."

"தப்பா இருக்கது ஒண்ணு இல்ல சார். பதிமூணு."

"எல்லாத்தையும் திருப்பிப் போடணும்ங்கியா? நாளைக்கு அறிக்கை."

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"நீ போடலேன்னா போட ஆளா இல்ல?"

ஆள் இருந்தது உண்மைதான். அந்த நேரத்தில் கதவு திறந்தது. அண்ணாச்சி ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். ஏழாம் துளையின் பக்கத்தில் தோண்டிய மணலும் கடல்தண்ணீரும் வாளி நிறைய. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நடத்துநர் உள்ளே மீன் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தாராம்.

வாளியைத் தரையில் வைத்தார். மேலே நின்ற தண்ணீரைச் சாய்த்து வடித்தார். மணல் கெட்டியாக, ஈரமாக, தட்டையாக நின்றது. உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். இறங்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் முதலாளி.

"நல்லாத்தான் இருக்கு." அண்ணாச்சி மேஜையிலிருந்து தண்டவாளத் துண்டை எடுத்து மணலின் மேல் நிறுத்தினார். அது கம்பீரமாக நின்றது. "இப்போ உங்க யார்டு போட்டாச்சு. ரயிலு வந்தாச்சு." பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். "இப்போ பூமி ஆடுது."

வாளியின் பக்கவாட்டில் தட்டினார். டக், டக், டக். அறையில் மூன்று பேர். மூன்று பேரும் அவரவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று சத்தியம் செய்வேன். ஐந்தாவது தட்டில் மணலின் மேல் தண்ணீர் மினுங்கியது. ஏழாவதில் துண்டு லேசாகத் தலைசாய்ந்தது. பிறகு, யாரோ கீழேயிருந்து கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டது. மணல் மறுபடி தட்டையாக, ஒன்றும் நடக்காத முகத்தோடு இருந்தது.

முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு வாளிக்குள் துழாவினார். "அது என் மொத வேலையில கிடைச்சதுவே."

"எடுத்துக்கிடலாம்," என்றார் அண்ணாச்சி. "வாளின்னா எடுத்துக்கிடலாம்."

முழங்கை வரைக்கும் மணலோடு முதலாளி துறைமுகத்துக்காரர்களுக்குப் போன் போட்டார்.

பதின்மூன்று துளைகளையும் மறுபடி போட்டோம். இந்த முறை ஒவ்வொரு அடியையும் அண்ணாச்சி நேரே நின்று பார்த்து எண்ணினார். அவரை நம்பாமல் நான் எண்ணினேன். என்னை நம்பாமல் மாடசாமி மாமா கூழாங்கல் போட்டார். ஒன்றுக்கு ஒன்று என்று சொல்ல அவர் பட்ட பாடு பெரும்பாடு. மூன்று எண்ணும் ஒத்தால்தான் ஷீட்டில் ஏறும். ஒத்துப்போகாத ஒரு துளையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏழுதான், நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று டீக்கடை அக்கா தீர்ப்புச் சொன்னார். அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது.

ஆறு, ஏழு, எட்டு, ஆறு. எல்லாமே தளர்ந்த மணல். ஏழாம் துளை பதினான்கில் தனியான துளை இல்லை என்று ஆனது. அறிக்கையில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி ஷீட்டில் 'உடனிருந்த பொறியாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. என் பெயர் எழுத வேண்டிய இடம். அண்ணாச்சி அதில் எழுதியிருந்ததை, டேப் ஒட்டாமல் விட்டிருந்ததை, வாசகர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: "சீவலப்பேரி. வண்டல். இறுகிய வண்டல்."

இன்றைய நிலவரம் இது. யார்டில் இன்னும் தண்டவாளம் போடவில்லை. மணல் இறுகுவதற்காக அதற்குள் குழி இறக்கி, ஜல்லியை இடித்து நிரப்பிக் கல்தூண்களாக நட்டு வருகிறார்கள். பாதி முடிந்திருக்கிறது. பூகம்பம் வரவில்லை. மாடசாமி மாமா எண்ணுவதை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்கிறார். முதலாளியின் தண்டவாளத் துண்டு கிடைத்துவிட்டது, கொஞ்சம் துருவோடு. அண்ணாச்சிக்கு முட்டி வலி, பொத்தையை விட்டு இறங்க மனமில்லாமல் வேலையை விட்டுவிட்டார். தண்ணீர் லாரி இன்னும் ஏறவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது அவர் மனைவி அந்தத் தம்ளரை என் பையில் போட்டுவிட்டார். "கொண்டுபோயிரு தாயி. இது இங்கன இருந்தா மனுஷர் சாப்பிட உக்கார மாட்டேங்காவ." அடுத்த நாளே அண்ணாச்சி வேறு தம்ளர் வாங்கிவிட்டாராம்.

பழையது என் மேஜையில் இருக்கிறது. காலையில் வந்ததும் விளிம்பு வரைக்கும் ஊற்றி வைக்கிறேன். சில நாள் தண்ணீர் ஆடுகிறது. பூமியா என்று நான் பார்ப்பதில்லை. அண்ணாச்சி படியேறி வருகிறாரா என்று வாசலைப் பார்க்கிறேன்.